கோவேறு கழுதை செத்த வழக்கு

கழுதையைப் பற்றிக் கேட்க வந்திருந்தால் உட்காருங்கள் தம்பி. வேறு எதையாவது கேட்க வந்திருந்தால், வந்த வாசல் அதே இடத்தில்தான் இருக்கிறது.

கோபமெல்லாம் இல்லை. நான் பேசுவதே இப்படித்தான். உங்களுக்கு முன்னால் ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்தார். பட்டாளத்தில் என்ன சாப்பிட்டீர்கள், என்ன பாட்டுப் பாடினீர்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு விடுவார்களா என்று சாயங்காலம் வரைக்கும் கேட்டார். நானும் சொன்னேன். கழுதை என்று வாயைத் திறந்ததும் பதிவு செய்கிற கருவியை நிறுத்திவிட்டார். பேட்டரி போய்விட்டதாம். பாட்டுக்கு இருந்த பேட்டரி கழுதைக்கு இல்லை.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்கள். பார்ப்போம். தாத்தா காரைக்கால், பிறந்தது லியோன், வேலை ஒரு வக்கீல் அம்மாளிடம். அந்த அம்மாள் யமினா என்கிற கிழவிக்காக வாதாடுகிறார். யமினாவின் மேல் வழக்குப் போட்டிருப்பது மொர்லியேர். அதே மொர்லியேர்தானே? என் லியுத்னான், எங்களுக்கு உத்தரவு போட்ட அதிகாரி? கர்னலாக ஓய்வு வாங்கிக்கொண்டு ரோஜாத் தோட்டம் போட்டிருக்கிறானா? போடுவான். உரம் போட்டுப் பழக்கம்.

விஷயத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா சொல்லுங்கள். அல்ஜீரியாவில் எங்கள் பட்டாளம் செய்த எதற்கும் இன்றைக்கு யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. சண்டை முடிந்த கையோடு பொது மன்னிப்பு கொடுத்துவிட்டார்கள். சரி. ஆனால் யமினா பத்திரிகைக்காரனிடம் 'என் ஊரைக் கொளுத்தியவன் இந்த மொர்லியேர்' என்று சொன்னாள். அது மானநஷ்டம். அதற்கு மன்னிப்பு இல்லை. ஆக, கொளுத்தினவனை இழுக்க முடியாது. கொளுத்தினான் என்று சொன்னவளை இழுக்கலாம். படித்தவர்கள் உட்கார்ந்து எழுதிய சட்டம் தம்பி. நமக்கு இப்படியெல்லாம் தோன்றாது.

அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் வாயைத் திறக்கிற ஒரே ஆள் நான்தான் என்கிறீர்கள். நான் சொல்லாவிட்டால் கிழவி தோற்றுப்போவாள். ஒரு வேடிக்கை தெரியுமா? இத்தனை வருஷமாக 'தீ இருந்தது, தீ இருந்தது' என்று கத்திக்கொண்டிருக்கிறவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான். அமைச்சருக்கு எழுதினேன். அவர் போய் வேறு அமைச்சர் வந்தார், அவருக்கும் எழுதினேன். 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.' ஒரே பதில்தான் வரும், கையெழுத்துதான் வேறு வேறு.

உள்ளேயிருந்து சிரிக்கிறாளே, அவள் என் வீட்டுக்காரி, மதலேன். "ஏங்க, அந்தக் கழுதைய இன்னுமா சாகவிடல? கல்யாணத்தன்னிக்கே இந்தக் கதையத்தான சொன்னீங்க!" கேட்டீர்களா? பரிகாசம். பரேடுக்குப் போனாலும் இதேதான். ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளில், மெடலெல்லாம் குத்திக்கொண்டு கடற்கரையில் நிற்போம். பெரியநாயகம் என்று ஒருத்தன், இந்தோசீனாவில் சமையல்கட்டைத் தாண்டாதவன், அவன் கேட்பான்: "என்ன சவுரி, ஒங்க கழுதைக்கு மெடல் வந்துடுச்சா?" எல்லாரும் சிரிப்பார்கள். கழுதை சவுரி என்றுதான் எனக்குப் பேர். சவுரிநாதன் என்று கேட்டிருந்தால் உங்களுக்கு வீடே காட்டியிருக்கமாட்டார்கள்.

சரி, கேளுங்கள்.

ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது நான் இங்கே இல்லை. மார்செய் பாளையத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். இங்கே கொடி இறங்கின அதே நாளில்தான் அல்ஜீரியாவில் சண்டை மூண்டது. இங்கே விட்டதை அங்கே பிடித்துக்கொள்ளலாம் என்று எங்களைக் கப்பலேற்றினார்கள். மலை ஊர்கள். லாரி ஏறாது. எல்லாம் கோவேறு கழுதைதான். என் சார்ஜெண்ட் என்னைப் பார்த்தான். "நீ இந்தியாக்காரன், ஒனக்கு மிருகம்னா பழக்கமா இருக்கும்" என்று ஒரு கழுதையைக் கையில் கொடுத்தான். நான் நெல்லித்தோப்பில் பிறந்தவன் தம்பி. எங்கள் வீட்டில் ஒரு பூனை கூடக் கிடையாது.

முதல் வாரம் என்னை இரண்டு தடவை உதைத்தது. அப்புறம் பழகிவிட்டது. செவலை என்று பேர் வைத்தேன். 'நில்லு' என்றால் நிற்கும், 'வா தாயி' என்றால் வரும். அந்தப் படையில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் செவலையும். என் சுமை சரிந்ததாக ஒரு நாள் கூடக் கிடையாது. அதற்குத்தான் எனக்குக் கப்பொரால் பட்டை கொடுத்தார்கள், சாதாரணச் சிப்பாய்க்கு ஒரு படி மேல். யார் காலையும் பிடித்து வாங்கவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். ஊருக்கு ஒரு பேர் உண்டென்பதே நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்களுக்கு அது வரைபடத்தில் ஒரு எண். முந்தின வாரம் கீழே சாலையில் எங்கள் ஆள் இரண்டு பேரைக் கிளர்ச்சிக்காரர்கள் சுட்டுவிட்டார்கள். மொர்லியேர் அன்றிலிருந்து முகம் மழிக்கவில்லை. விடிகாலையில் மலை ஏறினோம். செவலையின் இரண்டு பக்கமும் பெட்ரோல் தகரம். ஏற்றம், சரளைக்கல், பனி. ஒரு சொட்டு சிந்தவில்லை. மேலே போனதும் சார்ஜெண்ட் ஒவ்வொரு தகரமாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சவுரி, எல்லாம் ரொம்பி இருக்குடா" என்றான். அவன் ஒருத்தன்தான் அந்தப் பட்டாளத்தில் வேலையின் அருமை தெரிந்தவன்.

எதற்குப் பெட்ரோல் என்று கேட்கவில்லையா என்கிறீர்களா? கப்பொரால் லியுத்னானைக் கேட்பானா தம்பி? மேலே ஏதாவது மோட்டார் இருக்கும் என்று நினைத்தேன். மின்சாரக் கம்பமே இல்லாத ஊர்தான். நினைத்தேன், அவ்வளவுதான்.

ஊரில் ஆம்பிளைகள் யாரும் இல்லை. கிழவன்கள், பொம்பிளைகள், பிள்ளைகள். எல்லாரையும் ஒரு வீட்டுக்குள் போகச் சொன்னார்கள். அத்திப்பழம் காயவைத்துச் சேர்த்துவைக்கிற வீடு, அதுதான் இருந்ததில் பெரியது. நான் செவலையோடு ஒரு மரத்தடியில் நின்றேன். அப்புறம் தீ. தீ என்றால் சாதாரணத் தீ இல்லை. அந்தச் சத்தத்தில் செவலை மிரண்டு ஓடியது.

என்ன சத்தமா? சத்தம்தான். தீ என்றால் சத்தம் இருக்காதா? கழுதைக்குக் காது பெரியது தம்பி. நமக்குக் கேட்பதை விட அதற்கு நாலு மடங்கு கேட்கும். பாவம், அதற்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓடி, ஊருக்குக் கீழே ஓடைப் பள்ளத்தில் விழுந்தது. முன்னங்கால் இரண்டும் போய்விட்டது. நான் இறங்கிப் போனேன். 'வா தாயி' என்றேன். எழுந்திருக்கப் பார்த்தது. அந்த நிலையிலும் சொன்ன பேச்சைக் கேட்கப் பார்த்தது. நானே சுட்டேன். ஒரே குண்டு.

அப்புறம் உட்கார்ந்து குளம்பை வெட்டினேன். ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்கள்? அதுதான் முறை. பட்டாளத்துக் கழுதைக்குக் குளம்பில் சூடு போட்டு எண் பதித்திருப்பார்கள். செத்தால் அந்தக் குளம்பைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் விற்றுவிட்டான் என்பார்கள். அன்றைக்கு அந்த ஊரில் எத்தனை பேர் போனார்கள் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. நீங்களே முப்பது என்கிறீர்கள், கிழவி நாற்பதுக்கு மேல் என்கிறாள். மனிதர்களுக்குக் குளம்பு இல்லை, எண்ணும் இல்லை. செவலைக்கு இருந்தது. செவலைக்கு விசாரணையும் நடந்தது.

அதைத்தான் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். விசாரணை. தலைமை இடத்திலிருந்து ஒரு கப்பித்தேன் வந்தான், லியுத்னானுக்கு மேலே உள்ள அதிகாரி. கண்ணாடி போட்டவன், கைக்குட்டையை நாற்காலியில் விரித்துவிட்டு உட்காருகிறவன். மேசை மேல் செவலையின் குளம்பு. என்னை நிற்கவைத்தான்.

"கழுதை ஏன் ஓடிச்சு?"

"தீயைப் பாத்து மிரண்டு ஓடிச்சு, மொன் கப்பித்தேன்."

"எந்தத் தீ?"

"ஊருல வெச்ச தீ."

காகிதத்தைப் புரட்டினான். மொர்லியேர் எழுதிக் கொடுத்த அறிக்கை. ஊர் காலி, ஆள் இல்லை, தேடினோம், திரும்பினோம், ஒரு கழுதை நஷ்டம். "இதுல தீ இல்லையே" என்றான்.

"இருந்துச்சு, மொன் கப்பித்தேன். செவலையோட காது மயிர் கருகியிருந்துச்சு."

"காதைக் கொண்டுவந்தியா?"

"குளம்பைத்தான் கொண்டுவரச் சொல்லுவாங்க."

"அப்போ தீ இல்லை" என்றான்.

மொர்லியேர் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு முகம் மழித்திருந்தான். சிகரெட் சாம்பலை வெளியே தட்டினான், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்து நிமிஷம் ஆகியிருக்காது. தீர்ப்பு: அலட்சியத்தால் அரசாங்கச் சொத்துக்கு நஷ்டம். என் பட்டையை அங்கேயே பிடுங்கினார்கள். கொஞ்ச நாள் சிறை. நான் சுட்ட அந்த ஒரு குண்டுக்குக் கூடத் தனியாக விளக்கம் கேட்டான் தம்பி. அன்றைக்கு அந்த மலையில் வெடித்த மற்ற குண்டுகளுக்கு யாரும் கேட்கவில்லை.

பொது மன்னிப்பு வந்தபோது இங்கே ஒரு நண்பர் சொன்னார், நீயும் எழுதிப் போடு, அதில் உன் தண்டனையும் போய்விடும் என்று. மன்னிப்பா? எனக்கா? தப்பு செய்தவனுக்கு மன்னிப்பு. நான் என்ன தப்பு செய்தேன்? மன்னிப்பு வாங்கினால் அலட்சியம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? முடியாது என்றேன். பதவி வாங்கினவன், தோட்டம் போட்டவன் எல்லாரும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். நான் வாங்கவில்லை.

இப்போது கிழவி விஷயம். அவள் கொடுத்த வாக்குமூலத்தைப் படியுங்கள் இன்னொரு தடவை. விறகு பொறுக்கப் போயிருந்தாள், புகையைப் பார்த்து ஓடிவந்தாள், அத்தி மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். சரி. மொர்லியேர் நின்றதைப் பார்த்தாள். சரி. 'பள்ளத்தில் ஒரு கறுப்புச் சிப்பாய் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதான். அத்தனை பேரில் எங்களுக்காக அழுதவன் அவன் ஒருவன்தான். உயிரோடு இருந்தால் கடவுள் அவனை நன்றாக வைத்திருக்கட்டும்.'

இல்லை. இது தப்பு.

அழுதது நான்தான். பள்ளம் சரி, கறுப்பும் சரி. ஆனால் நான் அழுதது செவலைக்கு. அடித்துவிட்டு அப்படியே எழுதுங்கள். உங்கள் வக்கீல் அம்மாள் நான் சொன்ன மாதிரி முன்னாலேயே எழுதி அனுப்பியிருக்கிறாரே, 'மக்கள் சாவதைக் கண்டு மனம் பொறுக்காமல் அழுதேன்' என்று, அதையும் அடியுங்கள். அந்த வரி வழக்குக்கு உதவும் என்கிறீர்கள். உதவட்டும், எனக்கு வேண்டாம். பொய்ச் சாட்சி சொல்ல நான் என்ன மொர்லியேரா? அந்தக் கிழவி என்னை நினைத்துக் கும்பிடுகிறாள் என்பதற்காக நான் இல்லாத கண்ணீரை எடுத்துத் தர முடியுமா? கழுதைக்குத்தான் அழுதேன். நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். இதை எவ்வளவோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கழுதைக்குத்தான்.

எழுதிவிட்டீர்களா? அடுத்தது.

மொர்லியேரின் வக்கீல் என்ன கேட்பான்? அந்தக் கப்பித்தேன் கேட்டதைத்தான் கேட்பான் என்கிறீர்கள். பழைய தீர்ப்பை எடுத்துக் காட்டி, இந்த ஆள் அலட்சியக்காரன், கழுதையைக் கூடக் கட்டிவைக்கத் தெரியாதவன், பழி தீர்க்கப் பேசுகிறான் என்பான். கேட்கட்டும். அதற்காகத்தானே காத்திருக்கிறேன்! கழுதை ஏன் கட்டாமல் இருந்தது? கேளுங்கள், நீங்களே கேளுங்கள். அந்தக் கப்பித்தேனிடம் சொல்ல வாயைத் திறந்தேன், போதும் என்றான். அமைச்சர்களுக்கு எழுதியபோது இங்கே மனு எழுதிக் கொடுத்தவன், "சுருக்கமா போடணும் மிசியே" என்று அதை விட்டுவிட்டான். இதுவரைக்கும் ஒருத்தனும் கேட்டதில்லை.

கட்டித்தான் வைத்திருந்தேன் தம்பி. மரத்தில், நல்ல கயிற்றில். அந்தக் கயிற்றை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மொர்லியேர் கேட்டான். "ஏய் இந்தியாக்காரா, அந்தக் கயிறைக் குடு." கொடுக்காமல் இருக்க முடியுமா? புதுக் கயிறு, அந்த மாதம்தான் வாங்கினது. கடைசிவரைக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை. கயிறு இல்லாத கழுதை மிரண்டால் நிற்குமா? இதில் என் அலட்சியம் எங்கே வந்தது?

கயிறு எதற்கா? கதவுக்கு.

என்ன பார்க்கிறீர்கள்? எழுதுங்கள்.

கயிற்றை விட்டுவிடலாம் என்கிறீர்களா? நல்லதுக்குத்தான் சொல்கிறீர்களா? அது எனக்கு எதிராகப் போகும், தீ மட்டும் போதும், உத்தரவு மட்டும் போதும், மன்னிப்பு வாங்காத ஆள், பேப்பர்காரர்கள் வேறு விதமாக எழுதுவார்கள்... தம்பி, அந்தக் கப்பித்தேன் தீயை எடுத்துவிட்டான். நீங்கள் கயிற்றை எடுத்துவிடுகிறேன் என்கிறீர்கள். உங்களுக்கும் அவனுக்கும் கண்ணாடிதான் வித்தியாசம். கயிற்றை எடுத்துவிட்டால் கழுதை எப்படிச் செத்தது? மறுபடியும் நான்தானே அலட்சியக்காரன்? முடியாது. கயிறு இருந்தால்தான் கையெழுத்து. இல்லாவிட்டால் உங்கள் கிழவியைத் தோற்கச் சொல்லுங்கள்.

எழுதுங்கள். நிதானமாகச் சொல்கிறேன். அது உள்பக்கம் திறக்கிற கதவு. வெளியிலிருந்து அதைப் பூட்ட முடியாது. நிலைக்குக் குறுக்கே ஒரு உருட்டுக் கட்டையைப் போட்டு, கதவு வளையத்தை அதோடு சேர்த்துக் கட்ட வேண்டும். முதலில் ஒரு பாரிஸ் பையன் கட்டினான். பூட்ஸ் நாடா கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாதவன். உள்ளேயிருந்து ஒரு இழுப்பு, அவிழ்ந்துவிட்டது. மொர்லியேர் அவனை அறைந்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். "நீ சுமை கட்றவன்தானே, நீ கட்டு" என்றான்.

கட்டினேன். கழுதைக்காரன் எல்லாருக்கும் தெரிந்த முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும். மலையில் சுமை ஆட ஆட இறுக வேண்டும், அதற்காகப் போடுகிறது.

புரிகிறதா இப்போது? அந்த நேரத்தில் நான் ஏன் செவலை பக்கத்தில் இல்லை என்று? கதவண்டை இருந்தேன். உத்தரவுப்படி இருந்தேன். அலட்சியம் என்று எழுதினார்களே, அந்த முடிச்சு அவிழ்ந்ததா? கேளுங்கள் உங்கள் கிழவியை, அவள்தான் பார்த்துக்கொண்டு இருந்தாளே. அத்தனை பேர் உள்ளேயிருந்து இழுத்தார்கள். அவ்வளவு நேரம் இழுத்தார்கள். அவிழவில்லை.

மதலேன், தம்பிக்கு இன்னும் கொஞ்சம் காபி கொண்டு வா.

மதலேன்?

என்ன ஆயிற்று இவளுக்கு? இவ்வளவு நேரம் சும்மா இருக்கமாட்டாளே. எப்போதும் பரிகாசம் பண்ணுகிறவள். பரவாயில்லை, காது கேட்டிருக்காது.

கொடுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா? ஒன்று கேட்க வேண்டும். பேருக்கு முன்னால் கப்பொரால் என்று இப்போதே போட்டுக்கொள்ளலாமா, இல்லை தீர்ப்பு வந்த பிறகுதானா?